பால் தொடாத வீடு

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். பெண் வீட்டுப் பக்கம் நால்வர்: மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற கோவிந்தசாமி, அவருடைய தம்பி பழனிவேல், பழனிவேலின் மனைவி கொளஞ்சியம்மாள், அவர்களுடைய ஒரே மகள் ஸ்ரீமதி. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நால்வர்: கடலூர் தங்கராசு, அவர் மனைவி கலைமணி, செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் மாப்பிள்ளை அன்பரசு, கலைமணியின் தம்பி சுப்பிரமணியன். இடம், சிதம்பரம் வண்டிகேட் பக்கம் பழனிவேலின் வீடு. ஸ்ரீமதியின் நிச்சயதார்த்தம். மாசி மாதம், முகூர்த்த நாள், காலை பத்தரை மணி. ‘நானும் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்’ என்று பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பெயர் உண்டு. குமராட்சிப் பக்கம் யாரைக் கேட்டாலும் ‘பால் தொடாத வீடு’ என்றுதான் சொல்வார்கள். நான்கு தலைமுறைக்கு முன் கொள்ளிடம் கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது வீட்டிலிருந்த அத்தனை பேரும் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். கட்டுத்தறியில் நின்ற பசுவையும் கன்றையும் அவிழ்த்துவிட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. தண்ணீர் வடிந்து திரும்பி வந்து பார்த்தபோது முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. கோவிந்தசாமியின் கொள்ளுத்தாத்தா அன்றே அய்யனார் முன்னால் போய் நின்று, இனி இந்த வீட்டு ஆண்பிள்ளைகள் பால், தயிர், மோர், நெய் எதையும் தொடமாட்டார்கள், மீனும் கறியும் முட்டையும் தொடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். பெண்களுக்கு அந்தக் கட்டு இல்லை. ஆண்பிள்ளைக்குப் பதினைந்து வயதானால் அய்யனாரிடம் அழைத்துப்போய் வாக்குக் கொடுக்க வைப்பார்கள். ஊரில் கல்யாணம் என்றால் இவர்களுக்கென்று தேங்காய்ப்பால் விட்டுத் தனியாகப் பாயசம் இறக்குவார்கள். நிலம் போனது, ஊரை விட்டு வந்தாயிற்று. அந்தத் தனிப் பாயசம் மட்டும் போகவில்லை.

கோவிந்தசாமிக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மனைவி இறந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக இருந்தார். பிள்ளை இல்லை. ஸ்ரீமதியைத்தான் மகளாக நினைத்திருந்தார். அறுபத்தேழு வயதிலும் முதுகு வளையாமல் நடப்பார். எதிரே வருபவர் முகத்தைப் பார்த்து நடப்பாரே தவிர, தரையைப் பார்த்து நடந்து அவரை யாரும் கண்டதில்லை. அன்று காலையும் கலைமணி காப்பித் தட்டைப் பார்த்து, “என்னா சம்பந்தி, ஒங்களுக்கும் தம்பிக்கும் மட்டும் கருப்பா இருக்கு” என்று கேட்டபோது, அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மாட்டின் கதையை முழுக்கச் சொன்னார்.

“நாலு தலைமுறை. ஒரு சொட்டு உள்ள போனதில்ல” என்று முடித்தார்.

பழனிவேல் எதிரே உட்கார்ந்து தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஐம்பத்தைந்து வயது. குமராட்சிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். இருபத்தேழு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஆனால் தை மாதத்திலிருந்தே அவனிடம் ஏதோ சரியில்லை. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி நடந்துவிடுவான். மெத்தை மேல் நடப்பதுபோல இருக்கிறது என்பான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் வண்டி ஓட்டினான். பிரேக் எங்கே இருக்கிறதென்று குனிந்து ஒரு தரம் பார்த்துக்கொண்டான். நடக்கும்போது கால்களை அகட்டி வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே போனான். கோவிந்தசாமி இதையெல்லாம் பார்த்தார். டிரைவர் வேலை கொடுத்த கெட்ட பழக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. பெண்ணின் தகப்பன் தட்டைக் கையில் ஏந்திக் கிழக்கே பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் மூத்தவர் முன்னோர் நால்வரின் பெயரைச் சொல்வார். சொல்லி முடித்து ‘சரி’ என்ற பிறகுதான் கண்ணைத் திறந்து தட்டைக் கொடுக்க வேண்டும். இது இந்த வீட்டு வழக்கம்.

பழனிவேல் தட்டை எடுத்துக்கொண்டு வந்தான். பார்வை தரையில் இருந்தது.

“கீழ என்னாத்தடா தேடற? நிமிந்து நில்லு” என்றார் கோவிந்தசாமி.

நிமிர்ந்தான்.

“கால அகட்டிக்கிட்டு நிக்காத. சேத்து வெய்யி.”

சேர்த்து வைத்தான்.

“கண்ண மூடிக்க.”

கோவிந்தசாமி பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். வேறு வீட்டார் முன்னால் சொல்கிறோம் என்று ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, பட்டப்பெயரோடு சொன்னார். மூன்றாவது பெயர் வாயில் இருக்கும்போது பழனிவேல் முதலில் முன்னால் ஆடினான், பிறகு பக்கவாட்டில் ஆடினான், பிறகு வெட்டின வாழை மாதிரி சாய்ந்தான். தேங்காய் உருண்டு கலைமணியின் காலடிக்குப் போனது. குங்குமம் தரையெல்லாம் கொட்டியது. அவன் கண் திறந்தது விழுந்த பிறகுதான்.

ஸ்ரீமதியும் கொளஞ்சியம்மாளும் ஓடி வந்தார்கள். சுப்பிரமணியன் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. மனிதர்களின் குறையைக் கண்டுபிடிப்பதில் ஒரு சந்தோஷம் உள்ளவன் அவன்.

“மச்சான், இவுங்க அப்பாவும் கடைசி காலத்துல கால இழுத்துக்கிட்டுத்தான் நடந்தாராம். குமராட்சியில ஒருத்தர் சொன்னாரு” என்று தங்கராசுவைப் பார்த்துச் சொன்னான். “நரம்புல எதனா இருக்குமோ.”

கலைமணி குனிந்து தேங்காயை எடுத்தாள். “பரம்பரையா வருமா அது?” என்று கேட்டாள். கேட்டது யாரையென்று தெரியவில்லை. ஆனால் அவள் கண் ஸ்ரீமதியின் பாதத்தில் போய் நின்றது.

சுப்பிரமணியன் சொன்னது உண்மை. அப்பா சாகும்போது கால்கள் இரண்டும் அவர் பேச்சைக் கேட்காமல் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாதம் என்று வெளியே சொல்லி மூடியாயிற்று. இப்போது தம்பிக்கும் அதே என்று வெளியே போனால் இந்தப் பெண்ணை யார் எடுப்பார்கள்? கோவிந்தசாமிக்கு இதையெல்லாம் நினைக்க ஒரு மூச்சு விடும் நேரம்தான் ஆனது.

“நரம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றார். “நேத்து சாயந்தரம் கொஞ்சம் போட்டுட்டான். பொண்ணு கல்யாணம்னு சந்தோஷம். எறங்கல இன்னும்.”

கூடத்தில் இறுக்கம் தளர்ந்தது. தங்கராசு முதலில் சிரித்தார். “அட, அவ்வளவுதானா” என்றார். சுப்பிரமணியன்கூட, “சொல்லியிருந்தா நானும் ஒரு கை குடுத்திருப்பனே மாமா” என்றான்.

பழனிவேல் தரையிலிருந்து அண்ணனைப் பார்த்தான். அவன் வாழ்நாளில் கள்ளுகூடக் குடித்ததில்லை. பிறகு மகளைப் பார்த்தான்.

“ஆமா” என்றான். “தப்புதான். மன்னிச்சிக்குங்க.”

தட்டு மாறியது. அன்பரசுவைக் கை கொடுக்கச் சொல்லி மாமனாரை எழுப்பி உட்கார வைத்தார்கள். போகும்போது கலைமணி வாசலில் நின்று, காரியமாகப் பேசுகிறவள் குரலில் சொன்னாள்: “குடிக்காத ஆம்பள எந்த வீட்டுல இருக்காங்க சம்பந்தி. ஆனா கல்யாணத்தன்னிக்கு மேடையில விழக்கூடாது. கோயில்ல கயிறு கட்டச் சொல்லுங்க. எங்க பக்கமும் ரெண்டு பேர் வந்து பாத்துக்கறோம்.”

அவர்கள் போனதும் கொளஞ்சியம்மாள் குங்குமத்தைக் கூட்டிக்கொண்டே பேசினாள். கணவனின் அண்ணனை அவள் எப்போதும் பெரிய மாமா என்றுதான் அழைப்பாள்.

“பெரிய மாமா, வாய்க்கு வந்ததச் சொல்லிட்டீங்க. நாளைக்கு வண்டிக்காரரு சாவியக் குடுப்பாரா?”

“சாவி பெருசா, பொண்ணு பெருசா?”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் நான்.”

“போவக்கூடாது. சீட்டு எழுதுவாங்க. டெஸ்ட்டும்பாங்க. அவுங்க சொந்தக்காரங்க சிதம்பரம் பூரா இருக்காங்க. தாலி ஏறட்டும், அப்பறம் பாத்துக்கலாம்.”

“அதுக்குள்ள இவரு கால் இன்னா ஆவறது?”

“நடந்துக்கிட்டுத்தான இருக்கான்” என்றார் கோவிந்தசாமி.

அடுத்த வெள்ளிக்கிழமை கயிறு கட்டப் போனார்கள். கடலூருக்கு மேற்கே ஓர் அம்மன் கோயில்; குடியை விடுகிறவர்கள் வந்து சத்தியம் செய்து கையில் சிவப்புக் கயிறு கட்டிக்கொள்ளும் இடம். வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்றவன் மேல் அங்கேயே சாராய வாடை அடித்தது. பழனிவேல் வெள்ளை வேட்டியோடு, கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் நின்றான். கூனிக்குறுகி நிற்கிறான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். தரையைப் பார்த்தால்தான் அவனால் நிற்க முடிந்தது. சாட்சிக்குச் சுப்பிரமணியன் வந்திருந்தான்.

பூசாரி நோட்டைத் திறந்துகொண்டு, “எத்தன வருசமா குடிக்கற?” என்று கேட்டார்.

பழனிவேல் அண்ணனைப் பார்த்தான். “நீங்க சொல்லுங்கண்ணே. ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

“பத்து வருசம்” என்றார் கோவிந்தசாமி.

“தெனமுமா?”

“விட்டு விட்டு.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“போதும் சாமி, கட்டுங்க” என்றார் கோவிந்தசாமி. அவருக்குக் கழுத்து வியர்த்திருந்தது. சுப்பிரமணியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கற்பூரத்தின் முன்னால் பழனிவேல், இனி மதுவைத் தொடமாட்டேன் என்று உரக்கச் சொன்னான். அவன் வாழ்க்கையில் காப்பாற்றுவதற்கு மிகவும் சுலபமான சத்தியம் அது ஒன்றுதான்.

கொளஞ்சியம்மாள் சொன்னது சரியாகவே நடந்தது. வண்டியின் சொந்தக்காரர் பங்குனியில் சாவியை வாங்கிக்கொண்டார். குடிப்பவன் கையில் முப்பது உயிரைக் கொடுக்க முடியாது என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பொய்யால் விளைந்த ஒரே நன்மை அதுதான் என்றுகூடச் சொல்லலாம். தன் பாதம் பிரேக்கில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மனிதன் வண்டி ஓட்டக்கூடாது. ஆனால் அவர் சாவியை வாங்கியது அந்தக் காரணத்துக்காக அல்ல. இருபத்தேழு வருடம் அவனோடு போய்வந்த கண்டக்டர் எதிரே வந்தபோது, “அண்ணே, எங்கிட்டகூட மறச்சிட்டீங்களே” என்று வருத்தப்பட்டான்.

அதன்பின் அவன் தடுமாறுவதற்கெல்லாம் காரணம் தயாராக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் படி தவறினால், கயிறு அறுந்துபோச்சு என்றார்கள். இருட்டில் கொல்லைக்குப் போய் விழுந்தால், எவன் வாங்கிக் கொடுத்தானோ என்றார்கள். ஆனியில் கைக்கம்பு வந்தது. ஆடியில் சட்டைப் பித்தான் போட விரல் வரவில்லை. கொளஞ்சியம்மாள் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். இரண்டு முறையும் கடலூரிலிருந்து கோவிந்தசாமியின் போன் வந்து நிறுத்தியது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. பழனிவேல் நாற்காலியில் உட்கார்ந்தே மகளைத் தாரை வார்த்தான். பால் தொடாத வீட்டாருக்குத் தனிப் பாயசம் வைத்திருந்தார்கள். அதை அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

புரட்டாசி பிறந்த பிறகுதான் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வெண்மதிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நரம்பு பார்க்கிறவர். முதலில் அவர் கண்ணில் பட்டது கயிறுதான்.

“எவ்வளவு நாளாக் குடிச்சீங்க?”

“சத்தியம் பண்ணி விட்டுட்டேன் டாக்டரம்மா” என்றான் பழனிவேல்.

டாக்டர் எழுதத் தொடங்கினார். குடியாலும் நரம்பு கெடும், அது தெரிந்த விஷயம்தான் என்று எழுதிக்கொண்டே சொன்னார். கோவிந்தசாமி நாற்காலியில் நேராக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் காகிதத்தில் ஏறுவதைப் பார்த்தும் அவர் வாய் திறக்கவில்லை. கொளஞ்சியம்மாள்தான் மேசையில் கை வைத்தாள்.

“அத எழுதாதீங்கம்மா. அவுரு நாக்குல ஒரு சொட்டுப் பட்டதில்ல.”

“அப்பக் கயிறு?”

“அது பெரிய மாமாவக் கேளுங்க.”

டாக்டர் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். எழுதியதை அடித்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு அவனைக் கட்டிலில் படுக்க வைத்துச் சோதித்தார். இரும்பில் செய்த கவை போன்ற ஒன்றைத் தட்டி, அது ரீங்காரிக்கும்போதே கணுக்காலில் வைத்தார். அதிர்வு தெரிகிறதா என்றார். தெரியவில்லை. முழங்காலில் வைத்தார். தெரியவில்லை. இடுப்பு எலும்புக்கு வந்த பிறகுதான், இங்க லேசா, என்றான். கண்ணை மூடச் சொல்லிக் கால் கட்டைவிரலைப் பிடித்து மேலே கீழே அசைத்து, இப்போது விரல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கேட்டார். பழனிவேல் ஐந்து முறையில் மூன்று முறை தப்பாகச் சொன்னான். தன் உடம்பில் இருக்கிற விரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு மனிதனுக்குத் தெரியாமல் போகும் என்பதைக் கோவிந்தசாமி அன்றுதான் பார்த்தார்.

கடைசியாகத் தரையில் நிற்க வைத்தார். இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தினார். “கால் ரெண்டையும் சேத்து வைங்க. நேரா நிமிந்து நில்லுங்க. இப்பக் கண்ண மூடுங்க.”

பழனிவேல் ஆடினான். சாய்ந்தான். பிடித்துக்கொண்டார்கள்.

கோவிந்தசாமிக்குத் தேங்காய் உருண்ட சத்தம் கேட்டது.

“ஐயா, நீங்க நடக்கறப்ப காலப் பாத்துக்கிட்டா நடக்கறீங்க? இல்ல” என்றார் டாக்டர். “ஒரு காலத் தூக்கணும்னா இடுப்பு சாயாம தசை இழுத்துப் பிடிக்கணும். முட்டி மடங்கணும். முன்காலுத் தசை பாதத்தத் தூக்கறப்ப பின்னால கெண்டைச்சதை விட்டுக் குடுக்கணும். ஒண்ணு இழுத்தா ஒண்ணு விடணும், நொடியில. உத்தரவு மூளையிலருந்து முதுகுத்தண்டு வழியாப் போவுது. ஆனா உத்தரவு போனா மட்டும் போதாது. பாதம் தரையில பட்டுருச்சு, கணுக்கால் இவ்வளவு மடங்கியிருக்குன்னு கீழருந்து ஓயாமத் தகவல் வந்துக்கிட்டே இருக்கணும். அந்தத் தகவல் வரலன்னா மூளை எத வெச்சு அடுத்த உத்தரவு போடும்?”

கோவிந்தசாமிக்கு இது புரிந்தது. முப்பது வருடம் அவர் பார்த்த வேலை அது. கம்பத்தின் மேல் ஆள் இருந்தால், கீழே இறங்கிவிட்டேன் என்று அவனிடமிருந்து சப்ஸ்டேஷனுக்குத் தகவல் வர வேண்டும். வராமல் ஸ்விட்சைப் போடக்கூடாது.

“கம்பத்துலருந்து தகவல் வரல” என்றார்.

“அதேதான். தசையில கோளாறு இல்ல. மூளையும் நல்லா இருக்கு. கீழருந்து மேல வர்ற கம்பியோட உறை உரிஞ்சு போயிருக்கு. இத்தன நாளும் அந்த வேலையக் கண்ணு பாத்துக்கிட்டிருந்தது. அதனாலதான் தரையப் பாத்தே நடக்கறாரு. கண்ண மூடினா விழுந்துடுவாரு. இதக் கண்டுபிடிக்க நாங்க வெச்சிருக்கற சோதனையே இதுதான்.”

மாசி மாதம் அந்தக் கூடத்தில் தான் நடத்தியதும் இதே சோதனைதான் என்று கோவிந்தசாமிக்கு உறைத்தது. நிமிர்ந்து நில், காலைச் சேர்த்து வை, கண்ணை மூடு. டாக்டர் சொன்ன வார்த்தைகள்தாம், வரிசைகூட மாறவில்லை. சோதனையைச் சரியாகச் செய்துவிட்டு முடிவை மட்டும் மாற்றிச் சொல்லியிருந்தார்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு மூன்றாம் நாள் வந்தது. பி-12 என்கிற சத்து உடம்பில் இல்லவே இல்லை என்றார் டாக்டர். கறி, மீன், முட்டை, பால் இவற்றிலிருந்துதான் அது கிடைக்கும். அது இல்லாவிட்டால் நரம்பின் உறை உரியும். வயிற்றுப்புண்ணுக்கென்று பழனிவேல் வருடக்கணக்காக விழுங்கிய மாத்திரை, வந்த கொஞ்சநஞ்சத்தையும் உடம்பில் சேரவிடாமல் செய்திருக்கும்.

“சைவமா நீங்க?”

“சைவம். பாலும் தொடமாட்டோம்” என்றான் பழனிவேல்.

“தயிர், மோரு?”

“எதுவும் இல்ல. பதினஞ்சு வயசுலருந்து.”

டாக்டர் பேனாவை வைத்தார். அப்பாவைப் பற்றிக் கேட்டார். அவருக்கும் இப்படித்தான் என்றதும் மெல்லத் தலையசைத்தார். “பரம்பரை வியாதின்னு பயந்தீங்களா? ரத்தத்துல வர்றது இல்ல இது. சாப்பாட்டுல வர்றது. பொண்ணு பால் குடிக்கறாங்கல்ல? அவுங்களுக்கு ஒண்ணும் வராது.” பிறகு கோவிந்தசாமி பக்கம் திரும்பினார். “ஆனா நீங்க அண்ணன். அதே வீடு, அதே சாப்பாடு. வயசும் கூட. கம்பு மாதிரி உக்காந்திருக்கீங்க. உங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?”

கோவிந்தசாமியின் முதுகு இன்னும் நேரானது.

“அண்ணன் டீ குடிப்பாரு டாக்டரம்மா” என்றான் பழனிவேல். அவன் குரலில் குத்தல் இல்லை. “மந்தாரக்குப்பத்துல வேல பாத்தப்பலருந்து. ஆபீசுக்கு எதுத்தாப்ல ஒரு கட. பால் டீ. நாளைக்கு நாலஞ்சு கிளாஸ். ஒரு தடவ அரிசி மூட்ட குடுக்கப் போனப்ப ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பாத்தேன்.”

“எப்பப் பாத்த?” என்றார் கோவிந்தசாமி.

“அது ஆச்சு, எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்ன.”

“ஏன்டா சொல்லல?”

“சொன்னா வீட்டுப் பேரு கெட்டுடும்பீங்க.”

கொளஞ்சியம்மாள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். மஞ்சக்குப்பத்திலும் ஒரு டீக்கடை இருந்தது. வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, தெரிந்தவர்கள் வராத கடையாகப் பார்த்து வைத்திருந்தார் கோவிந்தசாமி. தம்பி வாக்கைக் காப்பாற்றினான். இவர் வாக்கின் பெயரைக் காப்பாற்றினார். கால்கள் யாருக்கு நின்றன என்பதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

“ஊசி போட்டாச் சரியாப் போயிடுமாம்மா?” என்று கேட்டார் கோவிந்தசாமி.

“இனிமே கெடாம நிறுத்தலாம். கை விரல் கொஞ்சம் திரும்பும். கால் எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. எப்ப ஆரம்பிச்சது?”

“தையில.”

“மாசி, பங்குனியில வந்திருந்தா ஏறக்குறைய முழுசா நடக்க வெச்சிருக்கலாம்” என்றார் டாக்டர். யாரையும் கடிந்து சொல்லவில்லை. ஊசி எழுதிய சீட்டை நீட்டினார். அதைப் பால் தொடாத வீட்டில் போட்டுக்கொள்வதில் தடை ஏதும் இல்லையே என்று மட்டும் கேட்டார்.

ஐப்பசியில் தலைதீபாவளி வந்தது. அழைப்பதற்காகக் கொளஞ்சியம்மாள் போன் செய்தபோது கலைமணி, பண்டிகையைக் கடலூரிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். நல்ல நாளும் அதுவுமாக அங்கே வந்து சம்பந்தி விழுந்து கிடப்பதைப் பார்க்க வேண்டாமே என்றாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற பழனிவேலுக்கு அது கேட்டது. அன்று மாலை அவன் அண்ணனுக்குப் போன் செய்தான்.

“கால் போனது போவட்டும்ணே. இந்தப் பேரோட என்னால இருக்க முடியல. நீங்க சொன்னது, நீங்களே போயி இல்லன்னு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்.”

கோவிந்தசாமி மறுநாள் காலை சட்டைக்கு இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு தங்கராசு வீட்டுக்குப் போனார். தங்கராசு, கலைமணி, ஸ்ரீமதி மூவரும் இருந்தார்கள். சுப்பிரமணியனும் இருந்தான்; அவன் எப்போதும் இருப்பான். கோவிந்தசாமி உட்காராமல் நின்றே பேசினார். தம்பி குடித்ததே இல்லை, தான்தான் பொய் சொன்னேன் என்றார். சத்தைப் பற்றிச் சொன்னார், கம்பியைப் பற்றிச் சொன்னார், ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார்.

தங்கராசு சீட்டை வாங்கினார், பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். “ஒக்காருங்க சம்பந்தி. தம்பிய விட்டுக் குடுக்காத அண்ணன் நீங்க. அது எங்களுக்குத் தெரியாதா.”

“நான் விட்டுக் குடுத்தவன். அதத்தான் சொல்ல வந்தேன்.”

“மாமா, கயிறு கட்டறப்ப நான் பக்கத்துல இருந்தேன்” என்றான் சுப்பிரமணியன். “பத்து வருசம்னு நோட்டுல எழுதினாங்க. சாமி முன்னாடி சொன்னது பொய்யி, இப்ப சொல்றது நெசமா? விடுங்க. வம்சத்துப் பேருக்காகப் பேசறீங்க, புரியுது.”

கோவிந்தசாமி ஸ்ரீமதியைப் பார்த்தார். “நீயாவது சொல்லும்மா. ஒங்கப்பன ஒனக்குத் தெரியாதா?”

அவள் முந்தானையைத் திருகினாள். “தெரியும் பெரியப்பா. ஆனா அன்னிக்கு அப்பாவே ஆமான்னு சொன்னாரே.”

கலைமணி காப்பி எடுத்து வந்தாள். இவருக்கென்று மறக்காமல் கருப்புக் காப்பி. கோவிந்தசாமி அந்த டம்ளரை அவளிடமே திருப்பி நீட்டினார்.

“இது வாணாம்மா. பால் ஊத்தி ஒரு டீ குடுங்க.”

கலைமணி டம்ளரை வாங்காமல் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“குடிக்கறவன் நான்தான். பால் டீ. முப்பத்தொம்பது வருசமா. என் தம்பி ஒழுங்கா இருந்தான், அதனாலதான் அவன் காலு போச்சு. கொண்டாங்க, ஒங்க கண்ணு முன்னாலயே குடிக்கறேன்.”

கொண்டுவந்தாள். நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். அந்த ஒரு டம்ளரில் நான்கு தலைமுறை போய்விட்டது என்பது அவருக்குத் தெரியும். போகட்டும், தம்பியின் பெயராவது திரும்பும் என்று நினைத்துத்தான் குடித்தார். தங்கராசு தலையைக் குனிந்துகொண்டார். கலைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவம், தம்பி இப்பிடி ஆனதுல மனசு ஒடஞ்சி போயிட்டாரு” என்று சுப்பிரமணியனிடம் சொன்னது வாசலைத் தாண்டும்போது அவர் காதில் விழுந்தது.

தீபாவளியன்று அன்பரசுவும் ஸ்ரீமதியும் ஒன்பது மணிக்குச் சிதம்பரம் வந்து, ஷிப்ட் இருக்கிறதென்று பதினோரு மணிக்குக் கிளம்பினார்கள். விருந்துக்கு இலை போடவில்லை. அவர்கள் கொண்டுவந்த பையில் பலகாரப் பெட்டிக்கு அடியில், பேப்பர் சுற்றி, ஒரு குவார்ட்டர் பாட்டில் இருந்தது. ‘நல்ல நாள், ஒண்ணும் ஆவாது மாமா’ என்று சுப்பிரமணியன் எழுதிய துண்டுச்சீட்டும் இருந்தது. கொளஞ்சியம்மாள் அதை வீசக் கையை ஓங்கினாள்.

“வீசாத. என் கால்ல ஊத்து” என்றான் பழனிவேல். “எதனா தெரியுதான்னு பாப்போம்.”

அவள் ஊற்றவில்லை. பண்டிகைக்கு வந்திருந்த கோவிந்தசாமி பாட்டிலை வாங்கிக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு வந்தார். தம்பி வாக்கரை ஓர் அடி தள்ளி, பாதத்தைப் பார்த்து எடுத்து வைத்தான். மறுபடி தள்ளினான். கொல்லையிலிருந்து நிமிர்ந்து வந்தவர், அவனோடு நடப்பதற்காகத் தானும் தரையைப் பார்த்தார்.

இப்போது குமராட்சியிலும் கடலூரிலும் ஒரு பேச்சு இருக்கிறது. பழனிவேலுக்குக் குடித்துக் குடித்துக் கால் போனது, அந்தத் துக்கத்தில் அண்ணன் வீட்டு விரதத்தை முறித்துப் பால் குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று. இரண்டும் தவறு. பழனிவேல் ஒரு நாளும் குடித்ததில்லை. கோவிந்தசாமி பால் குடிக்க ஆரம்பித்தது முப்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மந்தாரக்குப்பத்தில்.